மருந்துக்கும் இல்லாத சுகாதார உரிமை

நோய் வந்தால் அரச ஆஸ்பத்திரிக்குப் போகலாம், காசு கேட்கமாட்டார்கள். இலங்கையில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிகிச்சை கிடைக்காமற் போனால், "இது என் உரிமை, தராதது அரசின் தவறு" என்று நீதிமன்றப் படியேற முடியுமா? நாட்டின் அதியுயர் சட்டமான 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அதற்கு நேரான பதில் இல்லை. புதிய அரசியலமைப்பைக் கொண்டுவருவோம் என்ற வாக்குறுதியோடு 2024 இல் ஆட்சிக்கு வந்தவர்கள் பதவியில் இருக்கும் இவ்வேளையில், யாழ்ப்பாணக் குடாநாடு உரத்துக் கேட்கவேண்டிய கேள்வி இது.

அரசியலமைப்பு என்றதும் எங்கள் மேடைகளில் அதிகாரப் பகிர்வும் காணியும் பொலிஸும்தான் பேசப்படும். அவை பேசப்படவேண்டியவைதான். ஆனால் கிளினிக் கொப்பியோடு விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் மனிதருக்கு அரசியலமைப்பு என்ன தருகிறது என்பதை எவரும் விளக்குவதில்லை.

2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை முன்பாகத் தென்மராட்சி மக்கள் திரண்டு நின்றார்கள். இருக்கின்ற வசதிகள் ஏன் எங்களுக்குப் பயன்படவில்லை என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். அந்த விவகாரத்தில் யார் சரி, யார் பிழை என்ற வாதத்துக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. அங்கே நின்றவர்களுக்குப் பதில் சொல்ல அரசியலமைப்பு எவரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதே இங்கு கவலை.

ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்தல்

எங்கள் அரசியலமைப்பு "சுவஸ்தி" என்ற மங்கலச் சொல்லோடு தொடங்குகிறது. அந்த முகவுரை சுதந்திரம், சமத்துவம், நீதி, அடிப்படை மனித உரிமைகள் ஆகியவற்றை எல்லா மக்களுக்கும் உறுதிப்படுத்துகிறது. வருங்காலத் தலைமுறைகளின் கண்ணியத்துக்கும் நல்வாழ்வுக்கும் அவையே உத்தரவாதம் என்கிறது. நல்வாழ்வு என்று சொல்லிவிட்டு மருந்தையும் வைத்தியரையும் அதற்கு வெளியே நிறுத்த முடியாது.

அடுத்து ஆறாவது அத்தியாயம். அரசு எதை நோக்கி நடக்கவேண்டும் என்று சொல்லும் வழிகாட்டற் கோட்பாடுகள் இங்கே உள்ளன. 27 ஆம் உறுப்புரை எல்லாப் பிரசைகளுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் போதிய வாழ்க்கைத் தரம் வேண்டும் என்கிறது. உணவு, உடை, வீடு மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எல்லோருக்கும் கல்வி வேண்டும் என்கிறது. சமூகப் பாதுகாப்பையும் நலனையும் அரசு உறுதிசெய்யவேண்டும் என்றும் சொல்கிறது. சிகிச்சை என்ற சொல் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

இருந்திருந்தாலும் பெரிய பயன் இராது. 29 ஆம் உறுப்புரை வந்து, இந்த அத்தியாயத்தில் உள்ள எதுவும் சட்ட உரிமையையோ கடமையையோ உண்டாக்காது, எந்த நீதிமன்றத்திலும் இதை வைத்துக் கேட்க முடியாது என்று கதவைச் சாத்திவிடுகிறது.

அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குப் போனால் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே பொதுச் சுகாதாரம் பற்றிய பேச்சு 15 ஆம் உறுப்புரையில் வருகிறது. எதற்காக? மக்களின் உரிமைகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவதற்கான காரணங்களில் ஒன்றாக! சுகாதாரத்தின் பேரால் என்னை வீட்டுக்குள் இருத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. சுகாதாரத்தின் பேரால் அரசிடம் ஒரு குளிசையைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஆகவே, அரசியலமைப்பின் நோக்கம் அரசைச் சிகிச்சை தரக் கடமைப்படுத்துகிறதா என்று கேட்டால் என் பதில் ஆம் என்பதே. நல்வாழ்வை உறுதிசெய்யவென்று மக்கள் உண்டாக்கிய அரசு, அந்த மக்கள் நோயில் கிடக்கும்போது கையை விரிக்க முடியாது. கடமையை முகவுரை தருகிறது. அதைக் கேட்டுப் பெறும் வழியை 29 ஆம் உறுப்புரை அடைக்கிறது. திருத்தவேண்டிய இடம் அதுதான்.

வாக்கால் வந்த இலவச வைத்தியம்

"அரசியலமைப்பில் ஒரு வரியும் இல்லாமலே இலங்கை உலகம் மெச்சும் இலவச வைத்தியத்தைக் கட்டியெழுப்பவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2016 இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. பிரசவத்தில் தாய்மார் இறப்பதைக் குறைத்ததில் இந்தப் பிராந்தியத்திலேயே முன்னணியில் நிற்கிறோம். இவை எந்த நீதிமன்றத் தீர்ப்பாலும் வந்தவை அல்ல.

வந்த வழி வேறு. 1931 இல் வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் எண்பதினாயிரம் வரையான உயிர்களைக் கொண்டுபோனது. வாக்குக் கேட்டுப் போனவர்கள், பிணம் விழுந்த ஊர்களுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. கிராமங்களில் வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் பெருகின. 1950களின் தொடக்கத்தில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமானது. அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் அத்தியாயமே கிடையாது.

ஆனால் இந்தக் கதையை யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் இன்னொரு பக்கம் தெரியும். வாக்குப் பலம் உள்ள இடத்துக்கு வாக்கே போதும். அது இல்லாத இடத்துக்கு, அல்லது அதைப் பயன்படுத்த முடியாத காலத்துக்கு, எழுதிவைத்த உரிமை வேண்டும்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டுக்கு மின்கலம் முதல் எரிபொருள் வரை வராமல் நின்றன. மருந்தும் அளந்தே வந்தது. அதற்கு முன்பு, 1987 ஒக்டோபர் 21 ஆம் திகதி, தீபாவளி நாளன்று, இந்திய இராணுவம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளரையும் வைத்தியரையும் தாதியரையும் சுட்டது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2009 இல் வன்னியில் வைத்தியசாலைகள் மீது எறிகணைகள் விழுந்தன. இவற்றைப் பார்த்த சனத்துக்குச் சிகிச்சை என்பது ஆட்சியாளரின் மனநிலையைப் பொறுத்து வந்துபோகும் சலுகையாக இருக்கக் கூடாது.

இன்றைய நிலை என்ன? மாகாண சபைகளை உண்டாக்கிய 13 ஆம் திருத்தத்தின்படி மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்துக்குரியவை. பெரியாஸ்பத்திரி எனப்படும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இருக்கிறது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. மந்திகையிலோ ஊர்காவற்றுறையிலோ ஒரு விடுதிக்குத் தாதியர் போதாவிட்டால், மாகாணத்தில் மக்கள் தெரிவுசெய்த ஒரு சுகாதார அமைச்சரைக் கேள்வி கேட்க வழியில்லை. வாக்கால் கேட்கும் வழி இங்கே அடைபட்டிருக்கிறது. வழக்கால் கேட்கும் வழியை அரசியலமைப்பு முன்பே அடைத்துவிட்டது.

கருணையால் எழுந்த கட்டடங்கள்

குடாநாட்டின் வைத்திய வரலாற்றைப் புரட்டினால் ஒன்று தெளிவாகும். இங்கே முக்கியமான பல வைத்தியசாலைகளைத் தொடங்கியது அரசு அல்ல. 1847 இல் வந்த அமெரிக்க மிசனறி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தியதோடு, தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்து, தமிழில் பாடநூல்களும் ஆக்கினார். பெரியாஸ்பத்திரியின் வேர் 1850 இல் நண்பர் உதவிச் சங்கம் தொடங்கிய வைத்தியசாலையில் இருக்கிறது. இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. மூளாயில் 1930களில் ஊர்மக்களே கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையை உண்டாக்கினார்கள். அது இந்தத் தீவின் பெருமைகளில் ஒன்று.

எங்கள் காலத்திலும் அதே கதைதான். 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழுந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்த அந்த நடை மறக்க முடியாதது. இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கட்டிலும் கருவியும் வாங்கி அனுப்புகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் நன்கொடை ஒரு கருவியை வாங்கித் தரும். அதை இயக்கும் ஆளுக்கு மாதச் சம்பளம் தராது. வெளிநாட்டில் உறவு உள்ள ஊருக்குக் கட்டடம் வரும்; உறவு இல்லாத ஊருக்கு வராது. கொடுப்பவர் நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர் என்று கேட்க முடியாது. இவ்வளவு கொடையாளிகள் இருக்கிறார்களே என்று அரசு தன் பொறுப்பை மெல்ல மெல்லத் தளர்த்துவதற்கும் இந்தக் கருணையே வசதியாகிவிடுகிறது. இதை வெளிப்படையாகச் சொல்ல நாங்கள் தயங்குகிறோம். தயங்கக் கூடாது.

துண்டும் படகும்

நடைமுறையில் இது எப்படி இருக்கிறது? நீரிழிவும் பிரஷரும் உள்ள ஒரு வயோதிப அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். விடியமுன் எழும்பி, சாப்பிடாமல், முதல் பஸ்ஸில் வந்து நம்பர் எடுக்கவேண்டும். வாங்கிலில் காத்திருந்து, இரத்தம் கொடுத்து, வைத்தியரைப் பார்த்து, மருந்து கொடுக்கும் யன்னலுக்கு வர மத்தியானம் ஆகிவிடும். அங்கே நாலு மருந்தில் இரண்டு இருக்கும். மற்ற இரண்டுக்கும் ஒரு துண்டு தருவார்கள். "இதை வெளியில வாங்குங்கோ அம்மா." யன்னலுக்குள் நிற்பவரின் பிழை அல்ல அது. அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

அம்மா அந்தத் துண்டோடு பார்மசிக்குப் போவார். விலையைக் கேட்டுவிட்டு, முப்பது நாளுக்கு எழுதியதைப் பத்து நாளுக்கு வாங்குவார். மிச்ச இருபது நாளும் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார். வருத்தம் முற்றி விடுதியில் சேரும்போது அரசுக்கு ஆகும் செலவு, அந்தக் குளிசைகளின் விலையைவிடப் பன்மடங்கு. இலவச வைத்தியம் உள்ள இந்த நாட்டில், மொத்தச் சுகாதாரச் செலவில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் மக்களின் சட்டைப்பையிலிருந்தே போகிறது. அது இப்படித்தான் துண்டு துண்டாகப் போகிறது.

நெடுந்தீவு இன்னும் கடினம். இரவில் நெஞ்சுவலி வந்தால் முதலில் தீவின் வைத்தியசாலை. அங்கே வைத்துப் பார்க்க முடியாதென்றால் கடலைத் தாண்டவேண்டும். கடற்படையின் படகோ வேறு படகோ கிடைத்து, குறிகாட்டுவான் இறங்குதுறையில் நோயாளியைத் தூக்கி ஏற்றி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து பண்ணைப் பாலத்தால் பெரியாஸ்பத்திரிக்கு வரவேண்டும். வாடைக்காற்று உறைத்தால் படகே புறப்படாது. 2018 ஜூலையில் வடக்குக்கு வந்த 1990 அம்புலன்ஸ் சேவை பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அந்த வண்டி கடலில் ஓடாது. கொழும்பில் பிறந்தவருக்கும் நெடுந்தீவில் பிறந்தவருக்கும் முகவுரை ஒரே நல்வாழ்வைத்தான் சொல்கிறது.

மற்ற நாடுகள் கற்ற பாடம்

முகவுரை மட்டும் போதாது என்பதை அமெரிக்கா காட்டுகிறது. பொது நலனை மேம்படுத்துவது அந்த நாட்டு அரசியலமைப்பின் நோக்கங்களில் ஒன்று என்று முகவுரையிலேயே உள்ளது. ஆனால் முகவுரையிலிருந்து தனியாக அதிகாரம் எதுவும் பிறக்காது என்று 1905 இல் அவர்களின் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அது பெரியம்மைத் தடுப்பூசி பற்றிய வழக்கு.

இந்தியா வேறு வழியில் போனது. அங்கும் பொதுச் சுகாதாரம் வழக்காட முடியாத வழிகாட்டும் கோட்பாடாகவே இருக்கிறது. 1992 இல் மேற்கு வங்கத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். கட்டில் இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அரச வைத்தியசாலைகள் திருப்பி அனுப்பின. கடைசியில் காசு கட்டித் தனியாரிடம் பிழைத்தார். 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை கொடுக்காமை வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், பணமில்லை என்பது அரசுக்குச் சாட்டு ஆகாது என்றும் தீர்ப்பளித்து, 25,000 ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

தென்னாபிரிக்கா வெளிப்படையாகவே எழுதிவைத்தது. 27 ஆம் பிரிவின்படி, இருக்கும் வளத்துக்குள் சுகாதார சேவையைப் படிப்படியாக எல்லோருக்கும் எட்டச் செய்யவேண்டும்; அவசர சிகிச்சையை எவருக்கும் மறுக்கக் கூடாது. நாள்பட்ட சிறுநீரக நோயாளி ஒருவர் இரத்தச் சுத்திகரிப்புக் கேட்டு 1997 இல் வழக்குப் போட்டபோது, இயந்திரங்கள் போதாமையை ஏற்று நீதிமன்றம் மறுத்தது. வேதனையான தீர்ப்பு. ஆனால் தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கும் மருந்தை அரசு ஒருசில நிலையங்களுக்குள் முடக்கியபோது, அதே நீதிமன்றம் 2002 இல் எல்லா இடத்துக்கும் கொடு என்று கட்டளையிட்டது. வளம் உண்மையில் இல்லாதபோது நீதிமன்றம் பொறுத்தது. வளம் இருந்தும் மனம் இல்லாதபோது பொறுக்கவில்லை.

பிரேசிலின் அனுபவம் எச்சரிக்கை. சுகாதாரம் எல்லோரின் உரிமை, அரசின் கடமை என்று 1988 இல் எழுதினார்கள். வரம்பு சொல்லவில்லை. வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவர்கள் விலைகூடிய மருந்துகளுக்கு நீதிமன்றக் கட்டளை வாங்கத் தொடங்க, ஏழைகளின் கிராமிய நிலையங்களுக்கான பணத்துக்கு நெருக்கடி வந்தது. எங்களிடம் எழுதப்படும் உரிமை இந்தப் பள்ளத்தில் விழாமல் எழுதப்படவேண்டும்.

சுன்னாகம் திறந்த வழி

எங்கள் உயர் நீதிமன்றமும் கைகட்டி இருக்கவில்லை. வாழும் உரிமை என்று நேராக எழுதப்படாத அரசியலமைப்பிலிருந்தே, 2003 இல் அந்த உரிமை உள்ளடங்கியிருப்பதாகக் கண்டது. அடுத்த பெரிய அடி எங்கள் மண்ணிலிருந்தே வந்தது.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை வலிகாமத்தார் மறந்திருக்கமாட்டார்கள். ஆறில்லாத, நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் குடாநாட்டில் கிணறு கெட்டால் உடம்பு கெடும். இந்த மாசு பற்றிச் சூழல் ஆர்வலர் ரவீந்திர காரியவசம் 2015 இல் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. சுத்தமான நீர் மக்களுக்குரிய உரிமை என்பதை நீதிமன்றம் ஏற்றது. அங்கே மின் நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா செலுத்தவேண்டும் என்றது. நீருக்கு எட்டிய இந்த நியாயம் மருந்துக்கும் எட்டவேண்டும். ஆனால் நல்ல நீதியரசர் வரும்வரை காத்திருப்பது உரிமையாகாது. எழுத்தில் வேண்டும்.

செய்யவேண்டியவை

புதிய அரசியலமைப்பில், அல்லது அதற்கு முன்பே ஒரு திருத்தமாக, சுகாதாரம் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள் வரவேண்டும். புதிய யோசனையல்ல இது. 2016 இல் நாடு முழுக்கச் சென்று மக்களின் கருத்தைக் கேட்ட லால் விஜேநாயக்க குழுவும் இதையே பரிந்துரைத்தது.

அந்த உரிமை இரு படிகளில் அமையலாம். அவசர சிகிச்சை, பிரசவம், தடுப்பூசி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை ஆகியவற்றுக்கு "வளம் இருந்தால்" என்ற சாட்டு இருக்கக் கூடாது. அவசர சிகிச்சையில் தனியார் வைத்தியசாலையும் முதலில் உயிரைப் பார்க்கவேண்டும், பிறகுதான் முற்பணம். மற்றச் சிகிச்சைகளுக்கு அரசு ஆண்டுதோறும் மாவட்டவாரியான திட்டத்தைப் பாராளுமன்றத்தில் வைக்கட்டும். ஏன் ஓரிடத்துக்குக் கிடைத்தது இன்னோரிடத்துக்குக் கிடைக்கவில்லை என்று நீதிமன்றம் காரணம் கேட்கலாம். எந்த மருந்தை வாங்குவது என்று நீதிமன்றம் சொல்லவேண்டாம். பிரேசிலின் பள்ளம் இப்படித் தவிர்க்கப்படும்.

நெடுந்தீவுக்கும் ஏனைய தீவுகளுக்கும் எந்நேரமும் ஆயத்தமாக நிற்கும் வைத்தியப் படகு, அந்தத் திட்டத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.

அடிப்படை உரிமை மனுவை இன்று ஒரு மாதத்துக்குள் கொழும்பில், உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். நோயாளியைப் பார்ப்பதா, சட்டத்தரணியைத் தேடி நானூறு கிலோமீற்றர் போவதா? மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் இந்த அதிகாரம் வேண்டும். காலக்கெடு மூன்று மாதமாகவேண்டும். அதுவரை ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

மாகாண சபைத் தேர்தலை இனியும் இழுத்தடிக்கக் கூடாது. மாகாணத்து ஆதார வைத்தியசாலைகளுக்குப் பதில் சொல்லும் அமைச்சர் ஒருவர் இங்கே, எங்கள் வாக்கால் வரவேண்டும்.

அரசியலமைப்பு மாறும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. உங்கள் ஊர் வைத்தியசாலையில் கடந்த ஆறு மாதத்தில் எந்தெந்த மருந்து எத்தனை நாள் கையிருப்பில் இருக்கவில்லை, எத்தனை பதவிகள் வெற்றிடம், எந்தக் கருவி ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். சனசமூக நிலையம் கேட்கலாம், கிராம அபிவிருத்திச் சங்கம் கேட்கலாம், தனியாளும் கேட்கலாம். வைத்தியரோடும் தாதியரோடும் சண்டை பிடிக்கவேண்டாம். அந்தப் பதில் வந்தால் அவர்களுக்கும் அது துணை. தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை.